வேகத்தோடு ஏறும் சத்தம்: பழைய சொகுசு காரில் அதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

50 கி.மீ. வேகம் வரை கார் அமைதியாகப் போகிறது. 60ஐத் தாண்டியதும் அடியில் எங்கிருந்தோ 'ஊங்' என்று ஒரு முனகல் தொடங்குகிறது. 80இல் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனிக்கும் அளவுக்கு ஏறுகிறது. 100இல் காற்றுச் சத்தத்தோடு கலந்துவிடுகிறது. பழைய மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ., ஜாகுவார் வைத்திருப்பவர்களில் பலருக்கு இது தெரிந்த சங்கதி. அதற்கு அடுத்து நடப்பதும் தெரிந்த சங்கதிதான். ஒருவர் வீல் பேரிங் என்பார், இன்னொருவர் டிஃபரன்ஷியல் போய்விட்டது என்பார், மூன்றாமவர் நான்கு டயரையும் மாற்றச் சொல்வார். மூன்று யோசனையும் செலவு வைக்கும். மூன்றையும் செய்து முடித்த பிறகும் அதே முனகல் கேட்கும் கார்கள் நிறைய இருக்கின்றன.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை எல்லாரும் முதல் கேள்வியாக வைப்பதால்தான் இப்படி ஆகிறது. முதலில் கேட்க வேண்டியது, அது எதோடு சேர்ந்து மாறுகிறது என்பதை. இரும்பு உடல் முழுக்கச் சத்தத்தைக் கடத்திக்கொண்டு போகும்; முன் சக்கர பேரிங்கின் ஒலி பின் சீட்டுக்குக் கீழே கேட்பது சாதாரணம். இடம் பார்க்கும் விஷயத்தில் காதை நம்ப முடியாது. ஆனால் கியர் மாறும்போது ஒலி மாறியதா, காலை எடுத்ததும் அடங்கியதா, வளைவில் ஏறியதா என்று கேட்டால், அதே காது துல்லியமாகப் பதில் சொல்லும்.

எது எந்த வேகத்தில் சுற்றுகிறது?

பழைய சொகுசு கார்களில் பெரும்பாலானவை பின் சக்கர இழுவை. இன்ஜின் முன்னால் நீளவாக்கில் இருக்கும், அதன் பின்னால் கியர்பாக்ஸ். அங்கிருந்து காரின் அடியில் நீண்ட ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பின்னால் போய் டிஃபரன்ஷியலில் சேரும். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் என்னும் பல்சக்கர ஜோடி (பெரியது கிரவுன், சிறியது பினியன்) அந்தச் சுழற்சியைக் குறுக்காகத் திருப்பி, இரண்டு பக்கமும் உள்ள அரை ஷாஃப்ட்கள் வழியாகச் சக்கரங்களுக்குக் கொடுக்கும்.

இதில் மூன்று வேகங்கள் இருக்கின்றன: இன்ஜின் வேகம், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வேகம், சக்கர வேகம். இன்ஜினுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே கியர்பாக்ஸ் இருப்பதால் அவற்றின் விகிதத்தை நாம் மாற்ற முடியும். ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே டிஃபரன்ஷியல் மட்டுமே இருப்பதால் அங்கே விகிதம் மாறவே மாறாது. தேடலுக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும். இன்ஜின் பக்கத்துச் சத்தத்தையும் சாலை வேகத்துச் சத்தத்தையும் பிரிக்கும் கத்தி கியர் லீவரிலேயே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெர்சிடிஸ் டபிள்யூ124 வரிசை, ஆறு சிலிண்டர் இன்ஜின், நான்கு வேக ஆட்டோமேட்டிக், பின் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை) 3.07 என்று வைத்துக்கொள்வோம். அதன் டயர் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உருளும். மணிக்கு 72 கி.மீ. என்றால் நொடிக்கு 20 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு 10 முறை சுற்றுகிறது. ஷாஃப்ட் அதைப் போல 3.07 மடங்கு, நொடிக்கு ஏறத்தாழ 31 முறை. நிமிடக் கணக்கில் 1,850க்குக் கொஞ்சம் கீழே. கிரவுன் வீலில் 43 பற்கள், பினியனில் 14 பற்கள் இருந்தால், நொடிக்கு 430 பற்கள் ஒன்றோடொன்று பொருந்தி விலகுகின்றன.

இந்த எண்களுக்கு உடனே ஒரு பயன் இருக்கிறது. நொடிக்கு 10 என்பது காதில் கேட்கும் ஒலியே அல்ல. ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் நடுக்கமாகத்தான் தெரியும். டயர் பேலன்ஸ் இல்லாவிட்டால், ரிம் வளைந்திருந்தால் அந்த நடுக்கம் வரும். நொடிக்கு 31 என்பது காதுக்குக் கேட்டும் கேட்காமலும், நெஞ்சில் அழுத்துவது போன்ற தாழ்ந்த முனகல். ஷாஃப்டின் பேலன்ஸ் கெட்டால் அது. நொடிக்கு 430 என்பது வாயால் பாடிக் காட்டக்கூடிய தெளிவான சுருதி. கிரவுன்-பினியன் பாடினால் அது. நடுக்கம், முனகல், கூவல் என்று மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒலியின் அதிர்வெண்ணைத் திரையில் காட்டும் இலவசச் செயலிகள் செல்பேசிக்குக் கிடைக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும். வேகத்தை மட்டும் ஜி.பி.எஸ்ஸில் பாருங்கள், கார் ஸ்பீடோமீட்டர் பொதுவாக உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், கணக்கு இடிக்கும்.

முதல் கேள்வி: இன்ஜினா, சாலை வேகமா?

காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை 1,500 முதல் 3,000 வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அந்தச் சத்தம் நின்ற இடத்திலேயே வந்தால் ஷாஃப்டையும் சக்கரத்தையும் மறந்துவிடலாம். இன்ஜின், அதன் முன்பக்க பெல்ட்டில் ஓடும் உருளைகள், எக்ஸாஸ்ட் குழாய், மவுண்டுகள் பக்கம் போங்கள்.

வரவில்லையா? சரி, நல்ல சாலைக்குப் போகலாம். மேலே சொன்ன டபிள்யூ124இல் நான்காவது கியரின் விகிதம் சரியாக 1. அதாவது 72 கி.மீ. வேகத்தில் இன்ஜினும் ஷாஃப்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அந்த நிலையில் எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். லீவரை டி-யிலிருந்து 3க்கு இழுங்கள், சாலை வேகத்தை அதே 72இல் பிடித்து வையுங்கள். மூன்றாவது கியரின் விகிதம் 1.44 என்பதால் இன்ஜின் 1,850இலிருந்து 2,650 வாக்கில் ஏறிவிடும். ஷாஃப்டும் சக்கரமும் அப்படியே இருக்கும். முனகல் இன்ஜினோடு சேர்ந்து ஏறினால் அது இன்ஜின் குடும்பம். அசையாமல் அதே சுருதியில் நின்றால் அது கியர்பாக்ஸின் கடைசி ஷாஃப்டுக்குப் பின்னால் உள்ள ஏதோ ஒன்று. மேனுவல் கியர் காராக இருந்தால் இதே சோதனையை இன்னும் எளிதாகச் செய்யலாம்.

மூன்றாவதாக, சமதளமான, வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் 80இல் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்குத் தள்ளிச் சில நொடிகள் மட்டும் உருள விடுங்கள். இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிடும், சாவியைத் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் தள்ளும் பம்பும் இன்ஜினால்தான் ஓடுகிறது. அதனால் நீண்ட தூரம் உருட்டவும் வேண்டாம். இறக்கத்தில் இதைச் செய்யாதீர்கள்.

நியூட்ரலில் சத்தம் துளியும் மாறவில்லை என்றால் டயர், வீல் பேரிங், ஷாஃப்டின் பேலன்ஸ், ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ஆகியவை மீதம். ஷாஃப்ட் அப்போதும் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது. சட்டென்று நின்றுவிட்டால் சுமை ஏறும்போது மட்டும் பேசும் ஏதோ ஒன்று என்று பொருள். பெரும்பாலும் டிஃபரன்ஷியலின் பற்கள்.

காலால் கேட்பது

டிஃபரன்ஷியலைக் கண்டுபிடிப்பதில் ஆக்சிலரேட்டர் மிதியைவிட நல்ல கருவி கிடையாது என்பேன். ஒரே வேகத்தில் மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள். முதலில் மிதமாக அழுத்தி இழுத்துக்கொண்டு போவது. அடுத்து, காலை முழுதாக எடுத்து இன்ஜின் காரைப் பிடித்து இழுக்கும்படி விடுவது. கடைசியாக, இழுக்கவும் இல்லாமல் பிடிக்கவும் இல்லாமல் மிதியை மயிரிழையில் நிறுத்தி மிதக்க விடுவது. இந்த மூன்றாவது பழக்கத்தில்தான் வரும். இரண்டு பக்கப் பற்களும் ஒன்றையொன்று தள்ளாத அந்த நடு நிலையைக் கால் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பினியன் பல்லின் ஒரு முகம் காரை முன்னால் தள்ளும்போது வேலை செய்கிறது. காலை எடுத்ததும் சக்கரம்தான் பினியனைத் தள்ளுகிறது. அப்போது வேலை செய்வது பல்லின் மறு முகம். அதனால் இழுக்கும்போது கூவி, காலை எடுத்ததும் நின்றால் ஒரு முகம் தேய்ந்திருக்கிறது. காலை எடுத்தபோது மட்டும் கூவினால் மறு முகம், அல்லது பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்து பினியன் முன்னும் பின்னும் நகர்கிறது. மிதக்கும் நிலையில் அடங்கி, இரண்டு பக்கமும் கூவினால் டிஃபரன்ஷியல் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். டயரோ வீல் பேரிங்கோ இப்படி மிதிக்குக் கீழ்ப்படிந்து நடந்துகொள்வதில்லை.

கூவலாக இல்லாமல் எப்போதும் 'கர்ர்' என்று அரைத்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பேரிங்குகளை நினையுங்கள். பினியன் பேரிங் ஷாஃப்ட் வேகத்தில் சுற்றுகிறது. பக்கவாட்டு பேரிங்குகள் சக்கர வேகத்தில். அதனால் பக்கவாட்டு பேரிங்கின் அரைப்பு வீல் பேரிங்கை அப்படியே உரித்து வைத்தாற்போல இருக்கும். இரண்டையும் பிரிக்க வளைவுச் சோதனை வேண்டும், அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. இந்தக் கூவல் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பினியன் ஆயில் சீல் மாற்றினீர்களா? நிறைய டிஃபரன்ஷியல்களில் பினியன் பேரிங்கின் இறுக்கத்தை ஒரு நசுங்கும் ஸ்லீவ்தான் தீர்மானிக்கிறது. நட்டை எந்த அளவுக்கு முறுக்குகிறோமோ அந்த அளவுக்கு அது நசுங்கி பேரிங்கைப் பிடிக்கும். சீல் மாற்றும்போது நட்டின் பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் பலத்தைக் காட்டி முறுக்கினால் ஸ்லீவ் மேலும் நசுங்கி, பேரிங் அளவுக்கு மீறி இறுகிவிடும். குறைவாக முறுக்கினால் பினியன் ஆடும். எண்ணெய்க் கசிவை நிறுத்தப் போய் கூவலை வாங்கிக்கொண்டு வருவது இப்படித்தான்.

கிரவுன் வீலையும் பினியனையும் தொழிற்சாலையில் ஜோடியாகவே பொருத்தி உராய்த்து எடுக்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. இடைவெளி மில்லிமீட்டரின் சிறு பின்னத்தில் இருக்க வேண்டும், அதை ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை வைத்து அளந்துதான் சரிசெய்ய வேண்டும். அந்தக் கருவியும் பொறுமையும் இல்லாத இடத்தில் டிஃபரன்ஷியலைப் பிரிப்பதைவிட, நல்ல நிலையில் உள்ள இன்னொன்றை முழுசாக மாற்றுவது நல்லது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் எண்ணெயைப் பாருங்கள். டிஃபரன்ஷியலின் பக்கத்தில் உள்ள நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது கழன்று வந்த பிறகுதான் கீழே உள்ள வடிகால் பிளக்கில் கை வைக்க வேண்டும். துருப்பிடித்த நிரப்பும் பிளக் கழல மறுத்தால், வடித்துவிட்ட கார் நகர முடியாமல் அங்கேயே நிற்கும். சமதளத்தில் எண்ணெய் பொதுவாகத் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். காந்தம் பதித்த பிளக்கில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது வயதுக்கேற்ற தேய்மானம். விரலில் தேய்க்கும்போது குத்தும் துகளோ தகடோ வந்தால் உள்ளே உடைந்துகொண்டிருக்கிறது.

1968இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே6உம் அதன் சீரிஸ் 2, சீரிஸ் 3 வடிவங்களும் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. அவற்றில் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியலை ஒட்டியே இருக்கும். பிரேக் சூடு பக்கத்து ஆயில் சீலைக் காய்ச்சும், சீல் கசியும், எண்ணெய் குறையும், பிறகுதான் சத்தம். அரை ஷாஃப்டே சஸ்பென்ஷனின் மேல் இணைப்பாகவும் வேலை செய்வதால், அதன் யூஜே கிராஸ் (சாய்ந்த கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் சிலுவை வடிவ மூட்டு) தேய்ந்தால் சத்தத்தோடு சக்கரத்தின் நிலையும் கெடும்.

வளைவும் டயரும்

வீல் பேரிங்குக்கு மிதியைப் பற்றிக் கவலை இல்லை. அதன் கவலை எடை. காலியான அகலமான சாலையில் 60–70 கி.மீ. வேகத்தில் மெதுவாக இடமும் வலமுமாக வளைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களில் விழும். அப்போது 'ஊஊ' என்ற ஒலி ஏறி, வலப்பக்கம் வளைக்கும்போது அடங்கினால் வலப்பக்க பேரிங் சந்தேகத்துக்குரியது. பெரும்பாலும் இப்படித்தான், பேரிங்கின் வகையைப் பொறுத்துச் சில சமயம் எடை ஏறும்போது அடங்குவதும் உண்டு. எப்படியானாலும் வளைவுக்கு ஏற்ப மாறுகிறது என்பதே முக்கியம். டிஃபரன்ஷியலின் பக்கவாட்டு பேரிங் இதற்குப் பெரிதாக அசைந்து கொடுக்காது.

டயரைத்தான் எல்லாரும் கடைசியில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான், ஏனென்றால் பார்ப்பதற்குக் கை மட்டும் போதும். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த் திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பப் பல்லாகக் கீறினால் அலைன்மென்ட் கெட்டு விளிம்புகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் சோர்ந்துவிட்டது. உள் விளிம்பு வரை கையை விடுங்கள். பின் சக்கரங்கள் மேலே உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும் கார்களில் வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் டயர் உள்ளே வழித்தெடுத்ததுபோல் இருக்கும்.

டயர் சத்தத்துக்கு ஒரு அடையாளம் உண்டு: சாலையின் மேற்பரப்பு மாறினால் அது அந்தக் கணமே மாறும். சொரசொரப்பான சாலையிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்கு ஏறியதும் ஒலியின் தன்மையே வேறாகிவிடும். பேரிங் எந்தச் சாலையிலும் ஒரே பாட்டைத்தான் பாடும். இன்னும் சந்தேகம் இருந்தால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள்; நான்கும் ஒரே அளவாக இருந்தால்தான் இது சரிவரும். சத்தம் இடம் மாறினால் அல்லது குணம் மாறினால் விடை கிடைத்துவிட்டது.

பழைய சொகுசு கார்கள் மாதக் கணக்கில் நின்ற இடத்தில் நிற்பவை. எடை முழுவதும் ஒரே இடத்தில் அழுந்தி டயர் தட்டையாகிவிடும். ஓடிச் சூடானதும் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று பழைய டயரை வைத்திருக்க வேண்டாம். பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

ஒரு வேகத்தில் மட்டும் ஏன்?

65இல் தொடங்கி 85இல் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் அமைதி. இந்த மாதிரிச் சத்தம்தான் ஆளைக் குழப்பும். கெட்டுப்போன பாகம் என்றால் வேகம் கூடக் கூடச் சத்தமும் கூட வேண்டும் அல்லவா?

ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சின்னக் கை அசைவுக்கே உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு தள்ளினாலும் போகாது. காரின் அடியில் ரப்பரில் தொங்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் இப்படிச் சொந்தத் தாளம் ஒன்று உண்டு. ஷாஃப்டின் சுழற்சி அந்தத் தாளத்தைத் தொடும் வேகத்தில் மட்டும் சத்தம் பெருகுகிறது.

இந்த வகையில் முதலில் பார்க்க வேண்டியது சென்டர் பேரிங். நீண்ட ஷாஃப்டை இரண்டு துண்டாகச் செய்து, நடுவே ஒரு பேரிங்கில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த பேரிங்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். பேரிங் நன்றாக இருந்தும் ரப்பர் கிழிந்துவிட்டால் ஷாஃப்ட் நடுவில் துள்ளும். டபிள்யூ124இல் ஷாஃப்டின் இரு முனைகளிலும் தடித்த ரப்பர் கப்ளிங் இருக்கும், பி.எம்.டபிள்யூ. இ39இல் கியர்பாக்ஸ் முனையில் இருக்கும். அதன் போல்ட் துளைகளைச் சுற்றித்தான் முதலில் வெடிப்பு வரும். கையால் வளைத்துப் பார்த்தால் மூடியிருந்த வெடிப்பு வாய் திறக்கும். நிறுத்திய காரில் டி-க்கும் ஆர்-க்கும் மாற்றும்போது பின்னால் 'டொக்' என்று இடித்தால் இந்தக் கப்ளிங், யூஜே கிராஸ், டிஃபரன்ஷியல் மவுண்ட் மூன்றையும் பாருங்கள். வெடித்த கப்ளிங்கை நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஓடும்போது அறுந்தால் ஷாஃப்ட் அடிப்பாகத்தையே அடித்துக் கிழிக்கும்.

யூஜே கிராஸ் சாய்ந்த நிலையில் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். அதனால் அது கெட்டாலோ ஷாஃப்டின் கோணம் தவறினாலோ வரும் அதிர்வு ஷாஃப்ட் வேகத்தைப் போல இரண்டு மடங்கு. நம் கணக்கில் 72 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 61 வாக்கில். செல்பேசித் திரையில் 31க்குப் பதிலாக 61இல் கொம்பு முளைத்தால் பேலன்சிங்கை விட்டுவிட்டு கிராஸையும் மவுண்டுகளின் உயரத்தையும் பாருங்கள்.

ஷாஃப்டைக் கழற்றுபவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில், பிரிப்பதற்கு முன் பெயின்ட்டால் கோடு போட வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் பேலன்ஸ் செய்திருக்கிறார்கள். ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் புதிய பேரிங், புதிய கப்ளிங், புதிய அதிர்வு எல்லாம் ஒன்றாக வரும்.

இதே வேகத்தில் வேறொன்றும் வேடம் போட்டு வரும். லாக்-அப் கிளட்ச் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) உள்ள ஆட்டோமேட்டிக்குகளில், 60–80இல் லேசாக அழுத்திப் போகும்போது வரிசையான சிறு மேடுகளில் ஏறியதுபோல ஒரு உதறல் வரும். ஆக்சிலரேட்டரை எடுக்காமலே இடது காலால் பிரேக் மிதியை, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், தொட்டுப் பாருங்கள். பல கார்களில் அந்தச் சிக்னல் வந்ததும் லாக்-அப் விடுபடும். உதறலும் உடனே நின்றால் ஷாஃப்டைத் தொட வேண்டாம். அந்தக் கிளட்ச் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரும் அதன் எண்ணெயும்தான் காரணம்.

ரப்பர் செத்தால்

சொகுசு கார் அமைதியாக இருப்பதற்குக் காரணம் அதில் சத்தமே பிறக்காதது அல்ல. பிறக்கும் சத்தம் உள்ளே வர வழியில்லாமல் ஒவ்வொரு பாகத்தையும் ரப்பரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். டிஃபரன்ஷியல் ரப்பர் புஷ்ஷில் சப்ஃபிரேம் என்னும் துணைச் சட்டத்தோடு சேர்கிறது. சப்ஃபிரேம் இன்னொரு ரப்பர் வழியாக உடலோடு சேர்கிறது. 25, 30 வருடத்தில் அந்த ரப்பர் கல்லாக இறுகிவிடும், அல்லது நசுங்கி இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும். தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் கிரவுன்-பினியன் போட்டுக்கொண்டிருந்த அதே மெல்லிய ஒலி அப்போதுதான் முதல்முறையாக நம் காதுக்கு வருகிறது.

அதனால் டிஃபரன்ஷியல் என்று முடிவாகிவிட்டாலும், அதைக் கழற்றும் முன் அதன் புஷ்களைப் பாருங்கள். பிறப்பிடத்தில் ஒரு குறையும் இல்லாமல் வழி மட்டும் திறந்துகொண்ட கார்கள் எத்தனையோ. எக்ஸாஸ்ட் குழாய் எங்காவது உடலைத் தொடுகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடலாம். பளபளவென்று உராய்ந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

காரைத் தூக்கிய பிறகு

வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். நான்கு சக்கரமும் தொங்கும்படி லிஃப்டில் ஏற்றினால் வேலை எளிது.

சந்தேகப்பட்ட சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையின் விரல் நுனிகளை அதன் காயில் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. கெட்ட பேரிங் என்றால், காதுக்கு எதுவும் கேட்காத அந்த மெதுவான சுழற்சியிலேயே, மணல் நறநறப்பது ஸ்பிரிங் வழியாக விரலில் ஏறும். எதிர்ப்பக்கச் சக்கரத்திலும் இதைச் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடாமல் சொல்லும் முடிவுக்கு மதிப்பில்லை. பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கா, சஸ்பென்ஷன் மூட்டா என்று இன்னொருவர் பின்னாலிருந்து பார்க்கட்டும். பேரிங்கில் கையால் உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

லிஃப்டில் வைத்து டி-யில் ஓட்டி, மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பால் ஒவ்வொரு ஹவுசிங்காகக் கேட்பது பயனுள்ள முறை. அனுபவமுள்ளவர் கையில் மட்டுமே அது இருக்க வேண்டும். சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும்போது அரை ஷாஃப்ட்கள் வழக்கமில்லாத கோணத்துக்குப் போய், ஓடும்போது இல்லாத சத்தத்தைப் போடும். அதைக் கேட்டுவிட்டு அரை ஷாஃப்டின் மூட்டான நல்ல சிவி ஜாயின்டை மாற்றிவிடக் கூடாது.

நான்கு சக்கர இழுவை என்றால் இழுவையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் முன் ஷாஃப்டும் பட்டியலில் சேரும். அவற்றில் புது டயரையும் தேய்ந்த டயரையும் கலந்து போட்டாலே, சுற்றளவு வித்தியாசத்தில் உள்ளே பாகங்கள் ஓயாமல் உராயத் தொடங்கும்.

பட்டறைக்குப் போகும்போது

'பின்னால் சத்தம் வருகிறது' என்று சொல்லிக் காரை விட்டுவிட்டு வந்தால், அவரவருக்குப் பழக்கமான பாகத்தைத்தான் மாற்றுவார்கள். அதற்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதிக் கொடுங்கள்: '65இல் தொடங்குகிறது, 85இல் நிற்கிறது. டி-யிலும் 3லும் ஒரே சுருதி. நியூட்ரலில் மாறவில்லை. வளைவில் மாறவில்லை. வழவழப்பான சாலையிலும் அப்படியே. டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றினால் டொக் என்று இடிக்கிறது.' இதைப் படிக்கும் நல்ல மெக்கானிக் நேராக ஷாஃப்டுக்கு அடியில் டார்ச் அடிப்பார். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன வேலை நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டயர் மாற்றியது, கியர்பாக்ஸ் இறக்கியது, பெரிய பள்ளத்தில் விழுந்தது, மூன்று மாதம் நின்றது எல்லாமே துப்புதான்.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் அதே சாலை, அதே வேகம், அதே டயர் காற்று, கண்ணாடிகள் மூடிய அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். பெரிய சத்தம் போன பிறகு அதற்கு அடியில் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே வரலாம். அப்போது பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, புதுச் சீட்டில் முதல் கேள்வியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்குங்கள்.